கே.ஜி.எஃப்.புக்கு மின்சாரம், மல்லேஸ்வரத்துக்குத் தெரு: பார்க்கிங் தேடும் பெங்களூருவுக்கு திவான் சேஷாத்ரி ஐயர் ஏன் முக்கியம்?

பெங்களூருவில் வேலை பார்க்கிறீர்களா? அப்படியென்றால் மெஜஸ்டிக் பக்கம் சேஷாத்ரி சாலையை ஒருமுறையாவது கடந்திருப்பீர்கள். அந்தச் சாலையில்தான் பழைய மத்திய சிறை இருந்த இடத்தில் ஃப்ரீடம் பார்க் இருக்கிறது. அதை ஒட்டி, 500க்கும் அதிகமான கார்கள் நிறுத்தும் அடுக்குமாடி பார்க்கிங் கட்டடம் 2024ல் திறக்கப்பட்டது.

அந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்தவர் கார் ஓட்டியதே இல்லை. அவர் இறந்தது 1901ல். ஆனால், நீங்கள் இன்று பார்க்கிங் தேடி அலையும் மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அவர் காலத்தில் போடப்பட்டவை. கோலார் தங்க வயலிலிருந்து தினமும் பெங்களூருவுக்கு ஆட்களை ஏற்றிவரும் ரயில்பாதையின் கடைசித் துண்டும் அவர் காலத்தில் வந்ததுதான்.

யார் இந்த சேஷாத்ரி ஐயர்? அவர் கதைக்கும் உங்கள் ஆபீஸ் பேஸ்மென்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? பார்க்கலாம்.

பாலக்காட்டுப் பையன், மைசூர் திவான்

குமாரபுரம் சேஷாத்ரி ஐயர் 1845 ஜூன் 1ஆம் தேதி பிறந்தார். ஊர், பாலக்காடு அருகே குமாரபுரம். அன்று அது மெட்ராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. வீட்டில் தமிழ், தந்தைக்கு கோழிக்கோட்டில் வக்கீல் தொழில். கோழிக்கோட்டில் பள்ளிப் படிப்பை முடித்து, மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் 1868ல் பி.ஏ. பட்டம் பெற்றார். அதே ஆண்டு மைசூர் அரசுப் பணியில் சேர்ந்தார்.

அவரை அங்கே அழைத்துக்கொண்டவர் இன்னொரு தமிழர், செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ரங்காசார்லு. 1881ல் ஆங்கிலேயர்கள் மைசூர் ஆட்சியை உடையார் வம்சத்திடம் திருப்பிக் கொடுத்தபோது, முதல் திவான் ஆனவர் ரங்காசார்லுதான். 1883 தொடக்கத்தில் அவர் இறந்துவிட, அந்த நாற்காலியில் சேஷாத்ரி ஐயர் உட்கார்ந்தார். அப்போது வயது 37. அதற்குப் பிறகு 18 ஆண்டுகள் அவரே திவான். 1881க்குப் பிறகு வந்த மைசூர் திவான்களில் வேறு யாரும் இவ்வளவு காலம் நீடித்ததில்லை.

அவர் கைக்கு வந்தது வசதியான அரசு இல்லை. 1876-78 பஞ்சத்தில் மைசூரில் லட்சக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். அரசு கடனில் இருந்தது. எங்கே பணம் வரும் என்று தேட வேண்டிய நிலை. அந்தத் தேடலில் கிடைத்த ஒரு பதில், கோலார்.

தங்க வயலும் பத்து மைல் ரயிலும்

கே.ஜி.எஃப். என்றதும் உங்களுக்கு யஷ் நடித்த படம் நினைவுக்கு வரலாம். நிஜக் கதை வேறு. பெங்களூரு கன்டோன்மென்ட்டில் வாழ்ந்த மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர், 1875ல் கோலாரில் தங்கம் தோண்ட உரிமம் வாங்கினார். அவரால் பெரிதாக ஒன்றும் எடுக்க முடியவில்லை. 1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் உள்ளே வந்தது. 1880களின் நடுவில் வளமான தங்கப் படிவு சிக்கியது. அதற்குப் பிறகு அந்தப் பொட்டல்காடு ஊராக மாறியது.

தோண்டியவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம், தர்மபுரி பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களில் தலித்துகள் ஏராளம். சுரங்கத்தின் வாசலை ஒட்டியே, மூங்கில் தட்டி அடித்த லைன் வீடுகளில் குடியிருந்தார்கள். சங்கு ஊதினால் நடந்தே ஷிஃப்டுக்குப் போகலாம். அவர்களுடைய சௌகரியத்துக்காகச் செய்த ஏற்பாடு என்று இதை நினைத்துவிட வேண்டாம். ஆள் எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்ற கம்பெனிக் கணக்குதான் காரணம்.

தங்கத்தின் மீது மைசூர் அரசுக்கு ராயல்டி வந்தது. சேஷாத்ரி ஐயர் சுரங்கங்களுக்கு ஆதரவாக நின்றார். 1894ல் பவ்ரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பம் வரை சுமார் 16 கிலோமீட்டர் ரயில்பாதை திறக்கப்பட்டது. சுரங்கத்துக்கு வேண்டிய இயந்திரமும் நிலக்கரியும் நேராக வந்து இறங்கத்தான் அந்தப் பாதை. அதில் ஒருநாள் ஐ.டி. ஊழியர்களும் கட்டடத் தொழிலாளர்களும் தொங்கிக்கொண்டு போவார்கள் என்று அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

பெங்களூருவுக்கு முன்பே கே.ஜி.எஃப்.புக்கு கரன்ட்

சேஷாத்ரி ஐயரை வரலாற்றில் நிற்க வைத்தது காவிரி மின் திட்டம். சுரங்கங்கள் நீராவி இயந்திரங்களை நம்பியிருந்தன. ஆழம் கூடக்கூட எரிபொருள் செலவும் ஏறியது. சுற்றியிருந்த காடுகளும் விறகுக்காகப் போய்க்கொண்டிருந்தன. அதே நேரம் சிவனசமுத்திரத்தில் காவிரி சும்மா கீழே விழுந்துகொண்டிருந்தது.

அந்த அருவியில் மின்சாரம் எடுத்துத் தங்க வயலுக்கு அனுப்ப முடியுமா? மைசூர் அரசில் பணியாற்றிய ஜோலி டி லாட்பினியர் என்ற கனடா நாட்டு ராணுவப் பொறியாளர் திட்டம் போட்டார். மின் இயந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திலிருந்தும், டர்பைன்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ் நிறுவனத்திலிருந்தும் வந்தன. கனமான பாகங்களை யானைகளும் வண்டிகளும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தன. சிவனசமுத்திரத்திலிருந்து கே.ஜி.எஃப். வரை சுமார் 147 கிலோமீட்டருக்குக் கம்பி இழுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளில் அது ஒன்று.

1902ல் மின்சாரம் தங்க வயலைச் சென்றடைந்தது. பெங்களூரு தெருவிளக்குகளுக்கு மின்சாரம் வந்தது 1905ல். தலைநகரத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்பே சுரங்க ஊருக்குக் கரன்ட் வந்துவிட்டது. ஆனால், அதைப் பார்க்க சேஷாத்ரி ஐயர் உயிரோடு இல்லை. உடல்நிலை கெட்டு 1901ல் பதவி விலகியவர், அதே ஆண்டு செப்டம்பர் 13ஆம் தேதி 56 வயதில் காலமானார்.

பிளேக் போட்ட வரைபடம்

சரி, நகரத் திட்டமிடல் எங்கே வருகிறது? 1898 ஆகஸ்டில் பெங்களூருவுக்குள் பிளேக் நுழைந்தது. பேட்டைப் பகுதியின் நெருக்கமான சந்துகளில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். மக்கள் ஊரை விட்டே ஓடினார்கள்.

நெருக்கத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. வடமேற்கில் மல்லேஸ்வரம், தெற்கில் பசவனகுடி என்று இரண்டு புதிய விரிவாக்கங்கள் போடப்பட்டன. நேர்கோட்டுத் தெருக்கள், குறுக்கே கிராஸ்கள், வீடுகளுக்குப் பின்னால் துப்புரவுச் சந்துகள், நடுவே கோயில், பூங்கா, சந்தை. அதற்கு முன்பே 1890களின் நடுவில் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீரும் நகரத்துக்கு வந்திருந்தது.

இந்தத் தெருக்கள் நடப்பவர்களையும் மாட்டு வண்டி, குதிரை வண்டிகளையும் மனதில் வைத்து அளக்கப்பட்டவை. கடை, பள்ளி, கோயில் எல்லாமே நடக்கும் தூரத்தில். அதனால்தான் இன்றும் மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் நடந்து கடை பார்ப்பது சுகமாகவும், கார் நிறுத்துவது நரகமாகவும் இருக்கிறது.

எல்லாருக்குமான நகரமா?

இல்லை. இதையும் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. புதிய விரிவாக்கங்களில் சாதிவாரியாகப் பகுதிகள் பிரிக்கப்பட்டன. காற்றும் வெளிச்சமும் உள்ள மனைகள் யாருக்குப் போயின என்பதை நீங்களே ஊகிக்கலாம். கே.ஜி.எஃப்.பில் மின்மோட்டார்கள் ஓடிய பிறகும், லைன் வீடுகளில் தொழிலாளர்கள் தட்டிச் சுவருக்குள்தான் வாழ்ந்தார்கள். 1897ல் வந்த மைசூர் சுரங்கச் சட்டம் தங்கத் திருட்டைத் தடுப்பதில் காட்டிய அக்கறையை, தோண்டியவர்களின் வாழ்க்கையில் காட்டவில்லை.

சேஷாத்ரி ஐயர் மீது அன்றைக்கே விமர்சனமும் இருந்தது. பெரிய பதவிகளை மெட்ராஸ்காரர்களுக்கே கொடுக்கிறார் என்று மைசூர்க்காரர்கள் கோபப்பட்டார்கள். 1894ல் மகாராஜா சாமராஜேந்திர உடையார் இறந்த பிறகு, இளவரசர் சிறுவனாக இருந்ததால், அதிகாரம் பெருமளவு இவர் கையில் குவிந்தது என்ற குறையும் உண்டு.

ஆனாலும் ஒன்று. நிலம், தண்ணீர், மின்சாரம், ரயில் என்று எதற்கு முதலில் பணம் போடுகிறோமோ, நகரம் அதன்படிதான் வளரும் என்பதை அவர் ஆட்சி காட்டிவிட்டது.

இன்று எதற்குப் பணம் போடுகிறோம்?

இப்போது உங்கள் ஆபீஸுக்கு வருவோம். பெங்களூருவின் 2015 மாஸ்டர் பிளான் விதிகளின்படி, அலுவலகக் கட்டடத்தில் ஒவ்வொரு 50 சதுர மீட்டர் பரப்புக்கும் ஒரு கார் நிறுத்தும் இடம் கட்டாயம். இதைத்தான் குறைந்தபட்ச பார்க்கிங் விதி என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

காரை நிறுத்த மட்டும் 2.5 மீட்டருக்கு 5.5 மீட்டர், அதாவது 14 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால், உள்ளே வந்து திரும்பி வெளியே போகவும் வழி வேண்டும். அதனால் டெல்லி மாஸ்டர் பிளான், பேஸ்மென்ட்டில் ஒரு காருக்கு 32 சதுர மீட்டர் என்று கணக்கிடுகிறது. ஆபீஸில் ஒருவருக்கு 10 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு காருக்கான இடத்தில் மூன்று பேர் உட்கார்ந்து வேலை செய்யலாம்.

அந்த பேஸ்மென்ட்டைத் தோண்டிய செலவு எங்கே போகிறது? கட்டடத்தின் வாடகையில். வாடகை எங்கே போகிறது? கடையில் நீங்கள் குடிக்கும் காபியின் விலையில், அபார்ட்மென்ட்டின் விலையில். கார் வைத்திருப்பவர் மட்டுமில்லை, பஸ்ஸிலும் ரயிலிலும் வருபவரும் அதைக் கட்டுகிறார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005ல் வெளியிட்ட புத்தகத்தில் விரிவாக விளக்கியது இதைத்தான்: இலவச பார்க்கிங் என்று ஒன்று கிடையாது, பில் வேறொருவர் பெயரில் வருகிறது, அவ்வளவுதான்.

ஜப்பான் வேறு வழியில் போனது. காரை நிறுத்த இடம் இருக்கிறது என்று நிரூபித்தால்தான் காரைப் பதிவு செய்ய முடியும் என்று 1962ல் சட்டம் கொண்டுவந்தது. பொறுப்பு கட்டடத்தின் மீதோ தெருவின் மீதோ இல்லை, கார் வாங்குபவர் மீது. கர்நாடக அரசு 2021ல் ஒப்புதல் அளித்த பார்க்கிங் கொள்கை 2.0, தெருவோர பார்க்கிங்குக்குக் கட்டணம், பகுதிவாரியான பார்க்கிங் திட்டம், குடியிருப்பவர்களுக்கு பெர்மிட் என்று பேசுகிறது. காகிதத்தில் நல்ல திட்டம். நடைமுறை எளிதில்லை. பசவனகுடியின் காந்தி பஜாரை நடப்பவர்களுக்கு ஏற்றபடி மாற்றி அமைக்கப் போனபோது, பார்க்கிங் போய்விடும் என்று வியாபாரிகள் எதிர்த்தார்கள். நடப்பதற்கென்றே போடப்பட்ட பேட்டையில்தான் இந்தச் சண்டை.

மாரிகுப்பம் ரயிலில் வருபவரின் கணக்கு

2001 பிப்ரவரி 28ஆம் தேதி கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கமும் அதில் அடக்கம். வேலை போனது, ஆனால் வீடு அங்கேயே இருந்தது. பெங்களூருவில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது. அதனால் விடிவதற்கு முன்பே மாரிகுப்பத்திலும் ஊர்காமிலும் ரயில் ஏறி, பங்காரப்பேட்டை, ஒயிட்ஃபீல்டு, கே.ஆர்.புரம் வழியாகப் பெங்களூருவுக்கு வருகிறார்கள் ஆயிரக்கணக்கானோர். தாத்தா ஷிஃப்டுக்கு நடந்தே போனார். பேரன் ஒரு பக்கம் மட்டும் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் போகிறான். உங்கள் பக்கத்து சீட்டில் இருப்பவர்கூட அப்படி வருபவராக இருக்கலாம்.

அவருக்கு கார் இல்லை. ஆனால், அவர் வேலை பார்க்கும் கட்டடத்தின் அடியில் இரண்டு மூன்று தளங்கள் கார்களுக்காகத் தோண்டப்பட்டிருக்கின்றன. அந்தச் செலவில் ஒரு பங்கு வாடகையாகிறது. அந்த வாடகை உயர்வும் சேர்ந்துதான் அவரை ஊருக்கு வெளியே வைத்திருக்கிறது. இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள் போலத் தெரியும். ஆனால் ஒன்றுதான்.

2023ல் மெட்ரோ ஒயிட்ஃபீல்டு வரை வந்ததில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி. ரயிலிலிருந்து இறங்கி மெட்ரோ மாறலாம். அதற்குப் பிறகு ஆபீஸ் வரைக்கும் நடக்க நடைபாதை வேண்டும். அந்த நடைபாதையில்தான் பல இடங்களில் டூவீலரும் காரும் நிற்கின்றன.

அடுத்த முறை உங்கள் அபார்ட்மென்ட் சங்கத்திலோ ஆபீஸிலோ பார்க்கிங் போதவில்லை என்ற பேச்சு வந்தால், ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த இடத்துக்கு யார் காசு கட்டுகிறார்கள், யார் பயன்படுத்துகிறார்கள்? கார் வைத்திருப்பவரிடம் பார்க்கிங்கைத் தனியாக விற்கவோ வாடகைக்கு விடவோ முடிந்தால், இல்லாதவருக்கு அந்தச் சுமை குறையும். மாஸ்டர் பிளான் வரைவுகள் பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது இதை எழுதி அனுப்பவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கப்பன் பூங்காவில் சேஷாத்ரி ஐயருக்கு ஒரு சிலை இருக்கிறது. பக்கத்திலேயே அவர் நினைவாகக் கட்டப்பட்ட சிவப்பு நிற நூலகக் கட்டடம். நேரம் கிடைத்தால் போய்ப் பாருங்கள். மெட்ரோவில் போனால் பூங்காவை ஒட்டியே இறங்கிக்கொள்ளலாம். பார்க்கிங் தேடும் வேலை இல்லை.