குறி தவறாத மருந்தைத் தேடியவர்

இராமபாணம் குறி தவறாது என்பர். நோயை மட்டும் தாக்கி, நோயாளியைத் துன்புறுத்தாத அத்தகைய மருந்தைத் தம் வாழ்நாளெல்லாம் தேடியவர் பால் எர்லிக்.

அன்றைய பிரஷ்ய நாட்டின் ஸ்ட்ரெலன் என்னும் ஊரில் 1854-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். மருத்துவ மாணவராயிருந்த போதே சாயங்களின்மீது தீராத ஆர்வம் கொண்டார். ஒவ்வொரு சாயமும் சிலவகை அணுக்களையே பற்றக் கண்டு, அவ்வழியே இரத்த வெள்ளணுக்களை இனம் பிரித்தார். இரத்தப் புற்றுநோயை வகைப்படுத்த அதுவே அடிப்படையாயிற்று. சாயம் தேடிப் பற்றுமாயின், மருந்தும் ஏன் பற்றலாகாது என்று சிந்தித்தார்.

நோய் எதிர்ப்பாற்றல் குறித்த ஆய்வுக்காக 1908-இல் நோபல் பரிசு பெற்றார். நூற்றுக்கணக்கான சேர்மங்களை ஆராய்ந்தபின், 606 என எண்ணிட்ட சேர்மம் 1910-இல் மேகநோய்க்கு மருந்தாக வெளிவந்தது. புற்றுநோயையும் ஆராய்ந்தார், ஆங்கு வெற்றி கிட்டவில்லை. 1915-இல் மறைந்தார்.

முதுமையாலோ பிற பிணிகளாலோ கடும் மருந்துகளைத் தாங்கவியலாத இரத்தப் புற்றுநோயாளிகளுக்கு நெடுங்காலம் வழி அரிதாயிருந்தது. புற்றணுவைச் சாகவிடாமல் காக்கும் புரதத்தைக் குறிவைத்துத் தடுப்பது வெனட்டோகிளாக்ஸ். இந்நோயின் கடும் வகையொன்றால் வருந்தும் அத்தகையோருக்கு, அசாசிடிடின் போன்ற மருந்துகளுடன் சேர்த்துத் தர, 2018-இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிட்டியது. அது முற்றும் தீங்கற்றதன்று. எனினும் பலருக்கு வாழ்நாளை நீட்டித் தருகிறது.

எர்லிக் எய்த அம்பு, அவர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் தன் இலக்கை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது.