8,000 தப்பு கண்டுபிடித்த கணக்குப்பிள்ளை

எலக்ட்ரானிக்ஸ் லேபில் சிஆர்ஓ-வை எக்ஸ்-ஒய் மோடில் போட்டு ரெண்டு சிக்னல் கொடுத்தால், ஸ்க்ரீனில் வட்டமும் எட்டுமாய் வளைந்து வளைந்து ஒரு படம் வருமே, ஞாபகம் இருக்கா? லிஸாஜூ ஃபிகர்ஸ் என்று ரெக்கார்டில் வரைந்து எல்லோரும் கையெழுத்து வாங்கியிருப்போம். லிஸாஜூ அதை ஆராய்ந்தது 1857-ல். அதற்கு நாற்பது வருஷத்துக்கும் முன்னால், 1815-லேயே, ஒரு அமெரிக்கர் அதே வளைவுகளை ஊசலை வைத்து ஆராய்ந்துவிட்டார். அவர் ப்ரொஃபசர் இல்லை. காலேஜ் பக்கமே படிக்கப் போகாதவர். அப்போது அவர் பார்த்த வேலை, கப்பல்களுக்கு இன்சூரன்ஸ் போடும் கம்பெனியின் தலைவர். பெயர் நதானியேல் பௌடிச்.

1773 மார்ச் 26-ல் சேலத்தில் பிறந்தார். நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸில் இருக்கிற துறைமுக ஊர். அப்பா மரப் பீப்பாய் செய்கிறவர். வீட்டில் காசு இல்லை. பத்து வயதில் ஸ்கூலை விட்டுவிட்டு அப்பாவோடு பட்டறையில் நின்றார். பன்னிரண்டு வயதில், கப்பலுக்கு வேண்டிய சாமான் விற்கும் கடையில் கணக்கு எழுத ஒப்பந்தம் போட்டுச் சேர்த்துவிட்டார்கள். ஒன்பது வருஷ ஒப்பந்தம். நாம் ப்ளஸ் டூ முடித்து டிகிரியும் வாங்குகிற வயது வரைக்கும் அவர் அந்தக் கடையில்தான் இருந்தார்.

அவருக்கு அதிர்ஷ்டம் வந்தது ஒரு கப்பல் கொள்ளை வழியாக! சுதந்திரப் போர் சமயத்தில் அயர்லாந்து விஞ்ஞானி ரிச்சர்ட் கிர்வனின் புத்தகங்கள் கப்பலில் போய்க்கொண்டிருந்தன. அமெரிக்கப் போர்க்கால தனியார் கப்பல் ஒன்று அதை மடக்கிப் பிடித்தது. அந்தப் புத்தகங்களை வாங்கித்தான் சேலத்துக்காரர்கள் ஒரு லைப்ரரி ஆரம்பித்தார்கள். கடைப்பையனுக்கு அங்கே போய்ப் படிக்க அனுமதி கிடைத்தது. பதினாலு வயதில் அல்ஜீப்ரா. நியூட்டனின் பிரின்ஸிபியா லத்தீனில் இருந்ததால், அதைப் படிப்பதற்காகவே லத்தீன். அப்புறம் பிரெஞ்சு. எல்லாமே தானாகக் கற்றது.

1795-ல் கப்பல் கிளார்க்காகக் கடலுக்குப் போனார். 1803 வரை மொத்தம் ஐந்து பயணம். அப்போது எல்லா மாலுமிகளும் நம்பியிருந்தது இங்கிலாந்துக்காரர் மூர் எழுதிய வழிகாட்டிப் புத்தகம். பௌடிச் அதிலிருந்த அட்டவணைகளை ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்த்தார். சுமார் 8,000 தப்பு!

ஒரே ஒரு உதாரணம். 1800-ஐ லீப் வருஷம் என்று அதில் போட்டிருந்தது. 100-ஆல் வகுபட்டு 400-ஆல் வகுபடாத வருஷம் லீப் கிடையாது என்று சி ப்ரோக்ராமிங் லேபில் நாமே எழுதியிருக்கிறோம். அந்த ஒரு நாள் பிசகினால் சூரியனின் நிலை தப்பாகும். மார்ச் மாதத்தில் அது ஒரு நாளுக்குச் சுமார் 24 ஆர்க் மினிட் மாறும். அட்சரேகையில் ஒரு மினிட் என்றால் ஒரு கடல் மைல். அதாவது, கேப்டன் தான் இருப்பதாக நினைக்கும் இடத்துக்கும் உண்மையில் இருக்கும் இடத்துக்கும் 24 மைல் வித்தியாசம். இருட்டில் பாறை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நம்ம லேபில் தப்பு வந்தால் அவுட்புட்தான் வராது. அங்கே ஆள் திரும்பி வரமாட்டார்.

கடைசியில் திருத்துவதை விட்டுவிட்டு 1802-ல் தானே புதிய புத்தகம் எழுதி வெளியிட்டார். கப்பலில் தன்னோடு வந்த மாலுமிகளுக்கு, சமையல்காரர் உட்பட, நிலாவை அளந்து இடம் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அவர்களுக்குப் புரியாத எதையும் புத்தகத்தில் சேர்க்கக் கூடாது என்பது அவர் தனக்கே வைத்துக்கொண்ட விதி.

கடைசிப் பயணத்தில் அவரே கேப்டன். சுமத்ராவிலிருந்து மிளகு ஏற்றிக்கொண்டு 1803 கிறிஸ்துமஸ் இரவு, பனிமூட்டத்தில் சேலம் வந்து சேர்ந்தார். கலங்கரை விளக்கு ஒரு கணம் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் கணக்கு.

அடுத்த வருஷம், 1804-ல், எசெக்ஸ் ஃபயர் அண்ட் மரைன் இன்சூரன்ஸ் கம்பெனி அவரைத் தலைவராக்கியது. இது சாதாரண பொறுப்பு இல்லை. உதாரணத்துக்கு, 10,000 டாலர் பெறுமானமுள்ள கப்பலுக்கு 5 சதவீதம் பிரீமியம் என்றால் 500 டாலர். இருபது கப்பலில் ஒன்று போனாலே வந்த பணம் முழுக்கக் காலி. இரண்டு போனால் கம்பெனி கைக்காசைப் போட வேண்டும். எந்த வழி, எந்த மாதம், கேப்டன் எப்படி, அடிமரம் எப்படி என்று பார்த்துத்தான் அந்தச் சதவீதத்தைச் சொல்ல முடியும். அந்த வழிகளில் தானே போய் வந்த ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தது கம்பெனிக்கு எவ்வளவு பெரிய பலம்!

ஆனால் காலம் மோசமாக இருந்தது. பிரிட்டனும் பிரான்ஸும் சண்டை போட்டுக்கொண்டு, நடுநிலை வகித்த அமெரிக்கக் கப்பல்களை மாறி மாறிப் பிடித்தன. 1807-ல் அமெரிக்க அரசே தன் கப்பல்கள் வெளிநாடு போகத் தடை போட்டது. 1812-ல் போரே வந்தது. இதையெல்லாம் தாண்டி கம்பெனி லாபத்தோடு நின்றது. வியாபாரி தைரியமாகத் தூர தேசத்துக்குக் கப்பல் அனுப்பியதற்குப் பின்னால், மூழ்கினால் பணம் வரும் என்ற அந்தக் காகிதம் இருந்தது. காகிதத்துக்குப் பின்னால் இவர் கணக்கு இருந்தது.

1806-ல் ஹார்வர்டு கணிதப் பேராசிரியர் பதவிக்குக் கூப்பிட்டது. போகவில்லை. குடும்பம் பெரிது, இன்சூரன்ஸ் வேலையில் வருமானம் நிலையாக வந்தது. மீதி நேரத்தில் லாப்லாஸின் வானியல் நூலை பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். லாப்லாஸ் தாவிப் போன ஸ்டெப்களை எல்லாம் இவர் நிரப்பினார். அச்சுச் செலவைத் தருகிறோம் என்று அமெரிக்க அகாடமி முன்வந்தும், வேண்டாம் என்று தன் காசிலேயே போட்டார். மனைவி மேரி அதற்காகச் சிக்கனமாகக் குடும்பம் நடத்தினார்.

1823-ல் பாஸ்டனில் ஒரு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்குக் கணக்கு நிபுணராகப் போனார். 1838 மார்ச் 16-ல் இறந்தார். நாலாவது பாகத்தின் ப்ரூஃபை கடைசி வரை திருத்திக்கொண்டிருந்தார். அவருடைய கடல் வழிகாட்டி இன்றைக்கும் அமெரிக்க அரசால் திருத்தித் திருத்தி வெளியிடப்படுகிறது.

ப்ளேஸ்மென்ட் சீசனில் கோர் கம்பெனி கிடைக்கலையே என்று புலம்பும்போது எனக்கு இவர்தான் ஞாபகம் வருவார். வேலை ஒன்று, விருப்பம் ஒன்று என்று இருந்தும் இரண்டையும் அரைகுறையாகச் செய்யவில்லை. உயில் எழுதும்போது, சேலத்தில் அந்தப் பழைய புத்தகங்களைக் காத்துவந்த லைப்ரரிக்குப் பணம் எழுதி வைத்தார். சின்ன வயதில் ஓசியில் படித்ததற்கான கடனை அப்படி அடைத்தார்.