வைட்டமின் டி-யும் மனச்சோர்வும்: வெயிலைத் தேடிய டாக்டர் ஃபின்சென் யார்?

வெயில் படாமலே இருந்தா மனசும் சோர்ந்து போகுமா? வைட்டமின் டி என்ற பெயரே இல்லாத காலத்தில் வெயிலின் பலனை யோசித்தவர் நீல்ஸ் ஃபின்சென்.

1860-ல் ஃபாரோ தீவுகளில் பிறந்தவர். குளிர்காலத்தில் அங்கே பகல் சில மணி நேரம்தான். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் மருத்துவம் படித்தார். ரத்தசோகை, ஓயாத அசதி. குடியிருந்ததோ வடக்குப் பார்த்த வீடு. வெயிலில் இருந்தால் தெம்பு வருவதைக் கவனித்தவர், காரணம் தேடினார்.

அந்தத் தேடல் ஒளி சிகிச்சையானது. முகத்தை அரிக்கும் தோல் காசநோய்க்கு ஒளிக்கதிர்களைக் குவித்துச் சிகிச்சை கொடுத்தார். 1903-ல் நோபல் பரிசு. அடுத்த வருஷமே, 43 வயதில் இறந்துட்டார். வெயில் தெம்பு தந்தது. அவர் நோயைத் தீர்க்கவில்லை.

வெயில் பட்டால் தோலில் வைட்டமின் டி உருவாகும் என்பது அவருக்குப் பின்னரே தெரிந்தது. மனச்சோர்வு உள்ளவர்களிடம் இது குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால், அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 18,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், வைட்டமின் டி மாத்திரை மனச்சோர்வைத் தடுக்கவில்லை.

வெயில் நல்லதுதான். ஆனா சோர்வு நாள்கணக்கில் நீடிச்சா, மாத்திரையை மட்டும் நம்பாம டாக்டரைப் பாருங்க.