சக்கரத்தில் வேகம் தேடியவர்!



பந்தயக் கார் வேகமாகப் போக என்ன செய்யணும் என்று கேட்டால், பெரிய இன்ஜின் வைக்கணும் என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். இன்ஜினோடு நிற்காமல் சக்கரத்திலும் வேகத்தைத் தேடிய ஒரு மனிதரின் வாழ்க்கையை நம் ஆண்டு மலரில் எழுத ஆசைப்பட்டேன். அவர்தான் எட்டோரே புகாட்டி.

1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி இத்தாலி நாட்டின் மிலான் நகரில் பிறந்தார். அப்பா கார்லோ புகாட்டி, மரச்சாமான்களை வடிவமைப்பதில் பெரிய பெயர் எடுத்தவர். தம்பி ரெம்பிராண்ட், மிருகங்களைச் சிலையாக வடித்த சிற்பி. இப்படிப்பட்ட கலைக் குடும்பத்துப் பையன், பதினேழு வயது வாக்கில் சைக்கிளும் மூன்று சக்கர வண்டியும் செய்த பிரினெட்டி - ஸ்டுக்கி என்ற கம்பெனியில் தொழில் பழகச் சேர்ந்தார். பொறியியல் பட்டம் கிடையாது. நம்மைப் போல டிப்ளமோகூடக் கிடையாது! பட்டறைதான் அவருக்குக் கல்லூரி.

1901-இல் அவர் செய்த கார் மிலான் கண்காட்சியில் பரிசு பெற்றது. அதைப் பார்த்து 1902-இல் டி டீட்ரிச் கம்பெனி அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. அப்போது அவருக்கு 21 வயது ஆகவில்லை. அதனால் ஒப்பந்தத்தில் அப்பாதான் கையெழுத்துப் போட்டார். நம் ஹாஸ்டல் பாரம் மாதிரி!

பிறகு 1907-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் டாய்ட்ஸ் கம்பெனிக்குப் போனார். பகலில் கம்பெனி வேலை. வீட்டு நிலவறையில் தனக்காக ஒரு குட்டிக் கார். அந்தக் காரை நம்பித்தான் 1909 கடைசியில் அல்சாஸ் பகுதியில் உள்ள மோல்ஷெய்ம் ஊரில், பழைய சாயப் பட்டறை ஒன்றில் சொந்தத் தொழிற்சாலை தொடங்கினார். 1911-இல் லெ மான்ஸ் நகரில் நடந்த பந்தயத்தில் 10 லிட்டர் இன்ஜின் வைத்த பியட் கார் முதலாவதாக வந்தது. இரண்டாவதாக வந்தது எது தெரியுமா? வெறும் 1.3 லிட்டர் இன்ஜின் வைத்த புகாட்டி! பெரிய பெரிய கார்கள் வழியிலேயே பழுதாகி நிற்க, இந்தக் குட்டிக் கார் ஓடிக்கொண்டே இருந்தது. எடை குறைந்தால் இன்ஜினுக்கும் டயருக்கும் பிரேக்குக்கும் சுமை குறைகிறது என்று அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

எடை என்றால் எல்லா எடையும் ஒன்றுதானா? இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காரின் பாடியில் இருக்கும் 1 கிலோ முன்னால் மட்டும் போனால் போதும். சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் 1 கிலோ முன்னாலும் போகணும், சுற்றவும் செய்யணும். முன்னால் போக அரை எம் வி ஸ்கொயர். விளிம்பில் சுற்ற இன்னொரு அரை எம் வி ஸ்கொயர். ஆகவே இரண்டு மடங்கு சக்தி. ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் 2 கிலோ குறைத்தால் நான்குக்கும் 8 கிலோ. ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது 16 கிலோ குறைத்த பலன் கிடைக்கும். தியரி ஆஃப் மெஷின்ஸ் பாடத்தில் மொமன்ட் ஆஃப் இனர்ஷியா என்று படிக்கிறோமே, அது இதுதான்.

பிளைவீல் இதைவிடப் பொல்லாதது. பர்ஸ்ட் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, இன்ஜின் பத்துச் சுற்றுக்கும் மேல் சுற்றக்கூடும். அந்த விகிதத்தின் வர்க்கத்துக்குத் தகுந்தபடி பிளைவீலின் சுமை ஏறும். கால் மைல் தூரம், அதாவது 402 மீட்டர், நின்ற நிலையிலிருந்து பாயும் டிராக் பந்தயக்காரர்கள் சக்கரத்திலும் பிளைவீலிலும் எடை குறைக்கப் பார்ப்பது இதனால்தான். ஆனால் அளவு மீறக் கூடாது. பிளைவீல் ரொம்ப லேசாகிவிட்டால் கிளட்சை விட்டதும் இன்ஜின் ஆஃப் ஆகிவிடும்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். எங்க அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜினுக்கு ஹேண்டில் போட்டுச் சுற்றுகிறபோது, பிளைவீலைக் கிளப்புவதுதான் கஷ்டம், கிளம்பிவிட்டால் அதுவே இழுத்துக்கிட்டுப் போகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். நான் பார்முலாவில் படித்ததை அவர் தோள்வலியில் படித்திருக்கிறார். புகாட்டியும் கையாலும் கண்ணாலும் படித்தவர்தான்.

1924 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, பிரான்சின் லியோன் நகரில் கிராண்ட் பிரீ பந்தயம். அங்கேதான் டைப் 35 என்ற காரைப் புகாட்டி இறக்கினார். 2 லிட்டர், எட்டு சிலிண்டர். மொத்த எடையே சுமார் 750 கிலோ. முன் ஆக்சில்கூட உள்ளே கூடாக இருந்தது. எல்லோரும் அதிசயமாகப் பார்த்தது அதன் சக்கரத்தைத்தான். அந்தக் காலத்துப் பந்தயக் கார்களில் பெரும்பாலும் கம்பி ஸ்போக்ஸ் சக்கரம் இருக்கும், பிரேக் டிரம் தனியாக இருக்கும். புகாட்டி சக்கரத்தையும் டிரம்மையும் அலுமினியத்தில் ஒரே வார்ப்பாக வார்த்துவிட்டார்! பட்டையான எட்டு ஸ்போக்ஸ். எடையும் குறைவு, பிரேக் சூடும் சீக்கிரம் ஆறும். ஸ்பிரிங்குக்குக் கீழே எடை குறைவதால் மேடு பள்ளத்திலும் சக்கரம் ரோட்டை விடாது. சக்கரத்தைக் கழற்றினால் டிரம்மும் கூடவே வந்துவிடும், பிரேக் ஷூவை உடனே பார்க்கலாம். ஒரே மாற்றத்தில் எத்தனை லாபம் பாருங்கள்!

ஆனால் முதல் பந்தயம் தோல்வி. டயரின் மேல்பட்டை பிய்ந்து பிய்ந்து போனது. ஏழாவது, எட்டாவது இடம்தான் கிடைத்தது. வேறு ஆளாக இருந்தால் சக்கரத்தையே மாற்றியிருப்பார். கோளாறு டயரில், சக்கரத்தில் இல்லை என்று புகாட்டி பிரித்துப் பார்த்தார், சக்கரத்தை விடவில்லை.

அதற்குப் பலன் சிசிலித் தீவின் டார்கா புளோரியோ பந்தயத்தில் கிடைத்தது. மலைப்பாதை, வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடித்து மறுபடி வேகம் எடுக்கணும். அதாவது சுற்றும் எடைக்கு ஒவ்வொரு வளைவிலும் வரி கட்டணும்! 1925 முதல் 1929 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து புகாட்டி கார்தான் அங்கே ஜெயித்தது. 1929-இல் நடந்த முதல் மொனாக்கோ கிராண்ட் பிரீயும் புகாட்டிக்கே.

ஆனால் அதே மனிதர் நேர் எதிராகவும் ஒரு கார் செய்தார். ராயல் என்று பெயர். அரசர்கள் வாங்குவார்கள் என்று எதிர்பார்த்தார். 12.7 லிட்டர் இன்ஜின், எடை 3 டன்னுக்கு மேல். ரேடியேட்டர் மூடியில் தம்பி வடித்த யானை. 25 கார் செய்யத் திட்டமிட்டார். உலகப் பொருளாதார மந்தம் வந்தது. விற்றது மூன்றே மூன்று! மீந்த இன்ஜின்களை வீணாக்காமல் 1933 முதல் ரயில் பெட்டிகளில் பொருத்தி ஓட்டினார். அதேபோல, மற்ற கம்பெனிகள் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறிய பிறகும் பல ஆண்டுகள் கேபிள் பிரேக்கையே பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் காலம் சோகமானது. தம்பி ரெம்பிராண்ட் 1916-லேயே தற்கொலை செய்துகொண்டார். 1936-இல் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் மனம் நொந்து பாரிஸ் போய்விட்டார். தொழிற்சாலையைக் கவனித்த மகன் ஜீன், 1939 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, அந்த ஆண்டு லெ மான்ஸில் ஜெயித்த காரைச் சோதனை ஓட்டம் ஓட்டினார். குறுக்கே வந்த சைக்கிள்காரர் மேல் மோதாமல் திருப்பியபோது மரத்தில் மோதி இறந்தார். வயது 30. அடுத்த மாதமே இரண்டாம் உலகப் போர். தொழிற்சாலையும் ஜெர்மானியர் கைக்குப் போனது. 1947 ஆகஸ்ட் 21-ஆம் தேதி எட்டோரே புகாட்டி காலமானார்.

நண்பர்களே! டிப்ளமோதானே என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. புகாட்டியை அவர் கண்ணும் கையும் உயர்த்தின. தன் கண்ணை மட்டுமே நம்பிய இடத்தில் சறுக்கவும் செய்தார். நமக்குப் பட்டறையும் கிடைத்திருக்கிறது, கணக்கும் கிடைத்திருக்கிறது. எங்க அப்பாவுக்குத் தோள் மட்டும்தான் கிடைத்தது. எனவே அடுத்த முறை பிராஜெக்டுக்கு ஒரு பாகம் வரையும்போது, இது சுற்றுகிற பாகமா, சும்மா இருக்கிற பாகமா என்று முதலில் பாருங்கள். சுற்றுகிற பாகம் என்றால் பென்சிலை வைத்துவிட்டு, எங்கே எடை குறைக்கலாம் என்று ஒருமுறை யோசியுங்கள். குறைத்த பிறகும் உடையாதா என்று கணக்குப் போட்டும் பாருங்கள்!

- இறுதியாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை