அறிஞர் ரூதர்போர்டு

தோட்டத்துத் திருவிழா இரவுகளில் பெட்ரோமாக்ஸ் விளக்கு எரிந்த காலத்தைப் பெரியோர் நன்கறிவர். அதன் மேண்டிலைப் பளீரென ஒளிரச் செய்தது தோரியம் என்னும் தனிமத்தின் சேர்மமே. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துப் பழைய ஈயக் குட்டைகளை நம் பிள்ளைகள் கண்டிருப்பர். நம் நாட்டில் ஈயம் பிரித்தபின் ஒதுக்கிய அமாங் மணலில் மோனசைட் என்னும் கனிமம் உண்டு. அதிலும் தோரியம் இருக்கிறது. கண்ணுக்குப் புலனாகாக் கதிர்களை ஓயாது வெளிவிடும் இத்தோரியத்தினின்று எழும் வாயு ஒன்றின் ஆயுளை முதன்முதலில் அளந்தவர் எர்னஸ்ட் ரூதர்போர்டு ஆவார். அன்னாரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

அவர் 1871ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30ஆம் நாள் நியூசிலாந்தின் நெல்சன் நகருக்கு அருகில் பிறந்தார். தந்தையார் வண்டிச் சக்கரம் செய்தவர். பின்னர் நார் ஆலை நடத்தினார். அன்னையார் ஆசிரியை. பன்னிரண்டு பிள்ளைகளுள் இவர் நான்காமவர். உதவிச் சம்பளம் பெற்றே உயர்கல்வி கற்றார். இங்கிலாந்து சென்று ஆராய்வதற்கான உதவிச் சம்பளமும், முதலில் தேர்வானவர் ஏற்காது விட்டமையால், 1895இல் இவருக்குக் கிட்டியது.

1898இல் கனடா நாட்டு மான்ட்ரியல் நகரில், மெகில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அப்போது வயது இருபத்தேழு. அங்கு ஓவன்ஸ் என்னும் பேராசிரியர் தோரியத்தின் கதிர்களை அளந்துகொண்டிருந்தார். அறைக்கதவைத் திறந்தால் அளவு மாறியது! காற்றசைவுக்கும் கதிருக்கும் என்ன தொடர்பு? ரூதர்போர்டு இக்கேள்வியை விடவில்லை. தோரியத்தின்மீது மெல்லக் காற்றைச் செலுத்தி, அக்காற்றை ஒரு கலத்துக்குள் கொண்டு சென்றார். தோரியத்தின் தூசிதான் உடன் வருகிறதோ என ஐயுற்று வழியில் பஞ்சை அடைத்தார். பஞ்சையும் கடந்து வந்தது. ஆகவே அது தூசியன்று, வாயு போன்றதொரு பொருள் எனத் தெளிந்தார்.

அதன் கதிர்கள் கலத்துக் காற்றின் வழியே மின்சாரத்தைப் பாயச் செய்யும்; பாயும் அளவை மின்மானி காட்டும். காற்றோட்டத்தை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தையும் மின்மானியையும் மாறி மாறி நோக்கினார். ஒரு நிமிடத்தில் மின்னோட்டம் பாதியாயிற்று. இரண்டு நிமிடத்தில் காற்பங்கு. மூன்று நிமிடத்தில் அரைக்காற்பங்கு. தொடக்கத்தில் வாயு மிகுதியாயினும் குறைவாயினும் பாதியாக அதே ஒரு நிமிடமே ஆகும். இதனையே அரை ஆயுட்காலம் என்கிறோம். நெடுநாள் நிலைக்கும் பொருளை ஆற அமர அளக்கலாம். இதுவோ பத்து நிமிடத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காய்த் தேய்ந்துவிடும். 1900இல் அவர் வெளியிட்ட அளவு ஏறக்குறைய 60 நொடி. இன்றைய நுண்கருவிகள் காட்டுவது 55.6 நொடி. ஐந்து நொடிகூட வேறுபாடில்லை என்பது நமக்கு வியப்பே!

பின்னர் சாடி என்னும் இளம் வேதியியல் அறிஞருடன் கூடி, ஒரு தனிமம் தானே சிதைந்து வேறொரு தனிமமாகிறது என நிறுவினார். தனிமங்கள் என்றும் மாறா என நம்பியிருந்த அறிஞர் பலர் இதனை எளிதில் ஏற்கவில்லை. எனினும் 1908இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது. இயற்பியலாருக்கு வேதியியல் பரிசு! 1911இல் அணுவின் நடுவே கரு உண்டென அறிவித்தார்.

1938 சனவரியில் கல்கத்தாவில் கூடவிருந்த இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளி விழாவுக்குத் தலைமை தாங்க அவர் இசைந்திருந்தார். ஆனால் 1937 அக்டோபர் 19ஆம் நாள் கேம்பிரிட்ஜ் நகரில் மறைந்தார். கல்கத்தாவில் அவருக்கென இருந்த இருக்கையில் சர் ஜேம்ஸ் ஜீன்ஸ் அமர்ந்தார்.