வால்வெள்ளியின் வழியைக் கணித்த பேராசிரியர் அலன் ஆபிரகாம்

யாழ்ப்பாணக் குடாநாடு புலவர்களையும் உரையாசிரியர்களையும் ஈன்ற நாடு என்பதை யாவரும் அறிவர். வானத்தை அளந்த கணித வல்லுநரையும் அது ஈன்றது என்பதை இளைஞரிற் பலர் அறியார். அத்தகையோருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிற் கணிதம் கற்பித்த பேராசிரியர் அலன் ஆபிரகாம் அவர்கள்.

அன்னார் 1865ஆம் ஆண்டில், இன்று காரைநகர் என வழங்கும் காரைதீவிலே சைவக் குடும்பமொன்றிற் பிறந்தார். இயற்பெயர் அம்பலவாணர். அமெரிக்க மிசன் பாடசாலைகளிற் கற்றுக் கிறித்தவ சமயத்தைத் தழுவி, அலன் ஆபிரகாம் என்னும் பெயரைப் பூண்டார். சமயம் மாறினும் பிறந்த மண்ணை விட்டு நீங்கினாரல்லர். அவருடைய உழைப்பு யாழ்ப்பாணத்து மாணாக்கருக்கே பயன்பட்டது.

வானக் கணிதம் நம்மவர்க்குப் புதியதன்று. அராலி விசுவநாத சாஸ்திரியார் முதலிய பஞ்சாங்க கணிதர் கிரகணங்களை முன்கூட்டியே கணித்துரைத்தனர். வால்வெள்ளிகளோ பஞ்சாங்கத்துள் அடங்கவில்லை. அவை நினையாத வேளையிலே தோன்றி மறைந்தன. ஆதலால் அரசனுக்குக் கேடு, நாட்டுக்குப் பஞ்சம் என்று மக்கள் அஞ்சினர். மேல்நாட்டாரும் இவ்வச்சத்துக்கு விலக்கல்லர்.

அச்சத்தைத் தீர்க்கும் வழி, சேர் ஐசாக் நியூற்றன் 1687இல் வெளியிட்ட இயக்க விதிகளிலே பிறந்தது. விசையொன்று தாக்காதவரை நிற்கும் பொருள் நின்றபடியே இருக்கும். ஓடும் பொருள் ஒரே வேகத்தோடு நேர்கோட்டில் ஓடும் என்பது முதலாவது விதி. நமது கோயில் தேரை எண்ணிப் பாருங்கள். இருப்பிலிருந்து அதைப் பெயர்க்கப் பலர் கூடி வடம் பிடிக்க வேண்டும். ஓடத் தொடங்கிய தேரை நிறுத்தச் சறுக்குக்கட்டை வேண்டும். விசை கூடினால் ஆர்முடுகல் கூடும், திணிவு கூடினால் ஆர்முடுகல் குறையும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டு என்பது மூன்றாவது. சூரியன் வால்வெள்ளியை இழுக்கும் அளவுக்கு வால்வெள்ளியும் சூரியனை இழுக்கின்றது. சூரியனின் திணிவு மிகப் பெரிதாதலின் அது அசைவதாகத் தெரிவதில்லை.

கவணிற் கல்லை வைத்துச் சுழற்றும்போது கயிறு அதைக் கையை நோக்கி இழுத்தபடி இருக்கும். விட்டவுடன் கல் நேரே பறந்துவிடும். வால்வெள்ளிக்குக் கயிறாக நிற்பது சூரியனின் ஈர்ப்பு. ஆயின் தூரம் இருமடங்கானால் ஈர்ப்பு நாலிலொன்றாகும். இவ்விதிகளைக் கொண்டு எட்மண்ட் ஹலி என்பார், 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் வந்தது ஒரே வால்வெள்ளி என்றும், 1758 அளவில் அது மீளும் என்றும் கூறினார். 1742இல் அவர் காலமானார். 1758 டிசம்பரில் அது மீண்டும் தென்பட்டது. நீள்வட்டப் பாதையிற் செல்லும் அது, சூரியனுக்கு அண்மையிற் செக்கனுக்கு ஏறக்குறைய 54 கிலோமீற்றர் வேகத்திலும், தொலைவில் ஒரு கிலோமீற்றருக்கும் குறைந்த வேகத்திலும் ஓடுகின்றது. வழியிலே வியாழனும் சனியும் அதை இழுப்பதால் ஒரு சுற்றின் காலம் மற்றொன்றை ஒத்திராது. ஆகவே ஒவ்வொரு வருகையையும் புதிதாகக் கணிக்க வேண்டும்.

1910ஆம் ஆண்டு ஏப்ரில் 20இல் அது சூரியனை அண்மித்தது. மே 6இல் ஏழாம் எட்வேட் மன்னர் இறந்தார். அவ்வாலில் நச்சு வாயு உண்டென்றும், பூமி அதனூடே செல்லும் என்றும் செய்தி பரவவே, உலகின் பல இடங்களிலும் மக்கள் கலங்கினர். பூமிக்கோ ஒரு தீங்கும் நேரவில்லை. வால் அத்துணை மெல்லியது.

உலகம் இவ்வாறு கலங்கிய வருகையின் பாதையையே, வட்டுக்கோட்டையிலிருந்து ஆபிரகாம் அவர்கள் கணித்து வெளியிட்டார்கள். கணினி இல்லாத காலம் அது; மடக்கை அட்டவணையும் கையாற் செய்யும் கணக்குமே வானக் கணிதருக்குத் துணை. ஓர் எண் தவறினால் யாவும் தவறும். அவருடைய பணியை அறிந்த இலண்டன் அரச வானியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுப் பெருமை செய்தது. அவர் 1922இல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவ்வால்வெள்ளி 1986இல் வந்து சென்றது. மீண்டும் 2061இல் வரும். இன்றைய இளைஞர் அன்று முதியோராய்ப் பேரப்பிள்ளைகளுக்கு அதைக் காட்டுவர். காட்டும்போது, இது கேடு சொல்ல வந்ததன்று, விதிக்கு அடங்கிய ஒரு பொருள் என்று சொல்லும் அறிவு அவர்களிடம் இருத்தல் வேண்டும். விதியை மனனஞ் செய்வதோடு நில்லாது, தம் கையாற் கணக்கிட்டுப் பார்ப்பவர்க்கே அவ்வறிவு சொந்தமாகும். காரைதீவிற் பிறந்த ஒருவர் அதைச் செய்து காட்டினார். நமது இளைஞராலும் அது இயலும்.