இரு துறைகளில் ஒளிர்ந்த எம். ஜே. கோபாலன்

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி நடைபெறும் நாட்களில், ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் பந்தாட்டத்திலும் ஒருங்கே முன்னிற்கும் மாணவன் ஒருவனை நம் தோட்டப்புறங்களில் நாம் காண்பதுண்டு. அத்தகைய மாணவனைக் காணுந்தோறும் நம் நினைவுக்கு வருபவர், தமிழகம் தந்த பெருவீரர் எம். ஜே. கோபாலன் அவர்கள். கிரிக்கெட், ஹொக்கி ஆகிய இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய சிறப்பு அன்னாருக்குண்டு. இலங்கைக்கும் அவர் அந்நியரல்லர் என்பதை நம் வாலிபர்கள் அறிதல் வேண்டும்.

செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மொறப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1909ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் திகதி கோபாலன் பிறந்தார். சென்னைத் திருவல்லிக்கேணியே அவருடைய ஆட்டத்துக்குத் தாய்வீடாயிற்று. அந்நாளில் சென்னையில் வெள்ளையர் கழகம் வேறு, இந்தியர் கழகம் வேறு. பொங்கல் காலத்தில் சேப்பாக்கத்தில் இரு சாராரும் எதிரெதிரே நின்று ஆடுவர். மலைநாட்டில் துரைமார் கழகங்களில் நம்மவர்க்கு இடமில்லாதிருந்த காலத்தை அறிந்த பெரியோர்க்கு இந்நிலையை விளக்க வேண்டியதில்லை. ஆயினும், எதிர்த்தரப்பைச் சேர்ந்த சி. பி. ஜோன்ஸ்டன் என்னும் ஆங்கிலேயரே கோபாலனின் வேகப் பந்து வீச்சைக் கண்டு வியந்து, பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் அவருக்கு உத்தியோகம் கிடைக்கச் செய்தார். வயிற்றுக் கவலை தீர்ந்தது, ஆட்டம் வளர்ந்தது.

1930ஆம் ஆண்டு விஜயநகரம் மகாராஜகுமாரின் குழு சென்னைக்கு வந்தபோது, உலகப் புகழ் பெற்ற ஜாக் ஹொப்ஸின் விக்கெட்டைக் கோபாலன் வீழ்த்தினார். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் பந்தயத்தில் ஆடினார். அவ்வாண்டு நவம்பர் 4ஆம் திகதி சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதின. ரஞ்சிக் கிண்ண வரலாற்றின் முதற் பந்தை வீசிய கரம் கோபாலனுடையதே. அடுத்த ஆண்டு, ஹொக்கி மேதை தியான் சந்தின் தலைமையில் நியூசிலாந்துக்குச் சென்ற இந்தியக் குழுவிலும் அவர் இடம் பெற்றார்.

பின்னர் வந்தது 1936. இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் குழுவுக்கு அவர் தெரிவானார். அதே கோடையில் பெர்லின் ஒலிம்பிக் பந்தயமும் இருந்தது. ஒருவர் இரு கப்பல்களில் ஏற முடியாதன்றோ! கோபாலன் கிரிக்கெட்டைத் தெரிந்துகொண்டார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் பந்தயத்திலேனும் அவருக்கு ஆட வாய்ப்புக் கிட்டவில்லை. பெர்லினிலோ, ஆகஸ்ட் 15ஆம் திகதி இறுதிப் பந்தயத்தில் ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என வென்று இந்திய ஹொக்கிக் குழு தங்கப்பதக்கம் சூடியது. கல்கத்தாவில் ஆடியதே அவருடைய ஒரே டெஸ்ட் பந்தயமாக நின்றுவிட்டது.

அவர் தவறிவிட்டார் என்று சொல்வாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. வரப்போவதை அறிந்து முடிவு செய்தவர் உலகில் எவருமிலர். பதக்கம் கைநழுவியதால் கற்ற வித்தை பொய்யாகிவிடாது. தாயகம் திரும்பிய கோபாலன் சோர்ந்து அமரவில்லை. சென்னைக்காகப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆடினார். பிற்காலத்தில் இந்தியக் குழுவைத் தெரிவு செய்வோருள் ஒருவராகவும் விளங்கினார்.

அவருடைய நீண்ட சேவையைப் பாராட்டி 1952–53 பருவத்தில் கோபாலன் கிண்ணம் தொடங்கப்பட்டது. அதற்காக மோதியவை சென்னையும் இலங்கையுமே! டெஸ்ட் தகுதி பெறாதிருந்த அக்காலத்தில், நம் நாட்டு வீரர்கள் தம் ஆற்றலை உரைத்துப் பார்க்கும் உரைகல்லாக அப்பந்தயம் பல்லாண்டுகள் விளங்கிற்று. 1981ஆம் ஆண்டு இலங்கை டெஸ்ட் தகுதி எய்தியபோது, அவ்வளர்ச்சியில் கோபாலன் பெயருக்கும் ஒரு பங்கிருந்தது. 2003 டிசம்பர் 21ஆம் திகதி, 94ஆம் வயதில் சென்னையில் அன்னார் மறைந்தார்.

வாலிபர்களே, ஒரு வாசல் அடைபட்டால் மனந்தளராதீர்கள். பெரியோர்களே, நம் லயங்களிலும் கோபாலர்கள் உண்டு. அவர்களைக் கண்டறியும் கண்ணும், பிழைப்புக்கு வழிகாட்டிக் கைகொடுக்கும் உள்ளமும் நமக்கு வேண்டும். அதுவே அன்னாருக்கு நாம் செய்யும் மெய்யான அஞ்சலி.